400 கிலோமீட்டர் வேகத்தில் அரியலூர்!

பெரம்பலூரும் அரியலூரும் ஒன்றா, வேறு வேறா? இந்தக் கேள்விக்கு அரசாங்கமே பல தடவை பதிலை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறது. 1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது பெரம்பலூர் தனி மாவட்டம், அரியலூர் அதற்குள் அடக்கம். 2001 ஜனவரி 1-ம் தேதி அரியலூர் தனி. 2002-ல், 'வேண்டாம், சேர்ந்தே இருங்க' என்று மறுபடி பெரம்பலூரோடு. 2007 நவம்பர் 23-ம் தேதி மறுபடி தனி! இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு ஊரிலும் நிஜமாக வளர்ந்த ஒரே தொழில் ரப்பர் ஸ்டாம்ப் செய்வதாகத்தான் இருக்கும்.

பயப்படாதீர்கள், இந்த வாரம் மாவட்டப் பிரச்னையில் இறங்கப் போவதில்லை. அதே ஜாதியில் இன்னொரு வழக்கு. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற கார் ரேஸும், கையில் பிடித்துக்கொண்டு 'டொய்ங் டொய்ங்' என்று விளையாடுகிற கார் ரேஸும் ஒன்றா, வேறு வேறா?

சிரிக்காதீர்கள் சார். எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கு 2001 கோடை விடுமுறையில் பதிவாகி, கால் நூற்றாண்டாக வாய்தாவிலேயே இருக்கிறது. வாதி, அரியலூர் அத்தை மகன், அதாவது என் மச்சான். பிரதிவாதி, பெரம்பலூரில் இருக்கும் என் அக்கா. நான் பி.காம். என்பதால் என்னைக் கணக்குப்பிள்ளையாக வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது.

முதலில் அரியலூர் மிஷின்.

மாமாவுக்கு சிமென்ட் ஃபேக்டரியில் வேலை. கலர் டி.வி. வீடு. டி.வி.க்குக் கீழே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு டப்பா. அதன் பெயர் 'டி.வி. கேம்'. மூலச் சரக்கு, ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்று வெளியிட்டது. நம்மூர்ப் பையன்கள் கைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று ஏதோ பெயர் ஒட்டியிருக்கும். மேலே கேசட் சொருகவேண்டும். 'கேசட்டில்லை, கார்ட்ரிட்ஜ்' என்று யாராவது திருத்த வந்தால் வரட்டும். ஊர் முழுக்கக் கேசட்தான். அது வேலை செய்யாவிட்டால் கழற்றி, புல்லாங்குழல் மாதிரி 'ஃபூ' என்று ஊதிச் சொருகவேண்டும். ஊதுவதால் தூசி போகிறதோ இல்லையோ, எச்சில் ஈரம் பட்டுத் தகடு கறுக்கத்தான் செய்யும். ஆனால் கழற்றி மாட்டும்போது சில சமயம் சரியாக உட்கார்ந்துகொள்ளும். பெயர் ஊதலுக்குப் போய்விடும்.

அந்தக் கேசட்டில் மச்சானின் ராஜ்யம், 'ரோட் ஃபைட்டர்'. கொனாமி கம்பெனி 1984-ல் கடைவீதி மிஷினுக்குச் செய்து, 1985-ல் வீட்டு மிஷினுக்குக் கொண்டுவந்த ஆட்டம். மேலேயிருந்து, கழுகுப் பார்வையில் ரோடு தெரியும். நம் சிவப்பு கார் கீழே. வேகம் 400 கிலோமீட்டர் வரை ஏறும். மஞ்சள் கார் சாது, தன் வழியில் போகும். மற்றதுகள் குறுக்கே வந்து உரசும். உரசினால் நம் கார் வழுக்கும். உடனே ஒரு சின்னத் திருப்புத் திருப்பி நிமிர்த்தவேண்டும். தவறினால் போச்சு. ரோட்டோரத்தில் மோதினால் வெடி. லாரியில் மோதினால் நிச்சயமாக வெடி. வெடித்தால் உயிர் போகாது, பெட்ரோல் போகும். பல வர்ணத்தில் ஒரு கார் வரும், அதைத் தொட்டால் கொஞ்சம் பெட்ரோல் ஏறும். ரொம்ப தூரம் மோதாமல் ஓட்டினால் ஓரமாக ஒரு ஆசாமி பறந்து வந்து போனஸ் மார்க் கொடுத்துவிட்டுப் போவான். (நிஜ ரோட்டில் அப்படி ஓரமாக நிற்பவர்கள் வேறு விஷயமாக நிற்பார்கள்.)

அரியலூர்ப் பையன்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிற ரோட்டில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்களுக்கு ரோட் ஃபைட்டர் விளையாட்டில்லை, ஹோம் ஒர்க்!

ஆனால் ஒரு சிக்கல். மிஷின் மச்சானுடையது. டி.வி. வீட்டுக்குச் சொந்தமானது. செய்தி நேரம் மாமாவுடையது. ராத்திரி 'சித்தி' சீரியல் ஓடிய காலம் அது. அத்தை வீட்டில் சித்தி வந்துவிட்டால் மாமாவே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார், மச்சான் எம்மாத்திரம்? 400 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த காரை அத்தை ஒரே ஸ்விட்சில் நிறுத்துவாள். அந்த மாதிரி பிரேக் எந்தக் கம்பெனியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இப்போது பெரம்பலூர்.

எங்கள் வீட்டில் சின்ன பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. 'அந்த கேமை மாட்டினா பிக்சர் டியூப் போயிடும்' என்பது அப்பாவின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது. அவர் சொன்னதில் கால் பங்கு உண்மை இருந்தது. ஒரே படம் அசையாமல் நாள்கணக்கில் நின்றால் பழைய டியூபில் தடம் விழும். ஆனால் சாயந்திரம் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் டியூப் போகாது. பொறுமைதான் போகும்.

ஆகவே எங்களுக்கு வாய்த்தது 'பிரிக் கேம்'. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனபோது, வெளியே வளையலும் பலூனும் விற்கிற கடையில் அம்மா வாங்கிக்கொடுத்தது. முதுகில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உண்மையில் பத்துப் பதினைந்து ஆட்டம். அதையே வேகம் ஒன்று, வேகம் இரண்டு, லெவல் மூன்று என்று பெருக்கிப் பெருக்கி 9999. ஒரே இட்லியைச் சாம்பார் இட்லி, பொடி இட்லி, நெய் இட்லி என்று போர்டில் எழுதுகிற கணக்கு. மெயின் அயிட்டம் டெட்ரிஸ். கூடவே பாம்பு, டாங்கி, அப்புறம் கார் ரேஸ்.

அதன் திரையில் மொத்தம் 200 கட்டம். குறுக்கே 10, நெடுக்கே 20. அவ்வளவுதான் உலகம். ஒவ்வொரு கட்டமும் கண்ணாடிக்குள் முன்கூட்டியே பதித்து வைத்தது. கறுக்கும், அல்லது கறுக்காது. அரைக் கட்டம் நகர்வது என்ற பேச்சே இல்லை. கார் என்பது ஏழு கட்டம். மேலே ஒன்று, அடுத்த வரிசையில் மூன்று, அடுத்ததில் ஒன்று, கீழே சக்கரமாக இரண்டு. பார்த்தால் கைகாலை விரித்த தவளை மாதிரி இருக்கும். 'இது கார்' என்று முதலில் நம்மை நாமே சமாதானம் செய்துகொள்ளவேண்டும். ரோட்டில் இரண்டே தடம். இடது அல்லது வலது. எதிரே தவளைகள் இறங்கும். இடித்தால் காலி.

மச்சானின் வாதம் இங்கேதான் ஆரம்பித்தது. "டேய், இது ரேஸே இல்லடா! டெட்ரிஸ்ல கல்லு விழுது, இதுல காரு விழுது. பெட்ரோல் இருக்கா? இல்ல. ஃபினிஷிங் இருக்கா? இல்ல. நாங்கள்லாம் இப்ப வேற மாவட்டம், எங்க லெவலே வேற!"

(2001 கோடை. மாவட்டத்துக்கு அப்போது ஐந்து மாத வயசு. அடுத்த வருஷம் அது மறுபடி எங்களோடு சேர்ந்தபோது நான் அவனுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டேன்.)

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ரோட் ஃபைட்டரில் ரோட்டுக்கு முடிவு இருக்கிறது, போய்ச் சேரலாம். பிரிக் கேமில் ரோட்டுக்கு முடிவே இல்லை. வேகம் கூடிக்கொண்டே போகும், என்றைக்கோ ஒரு நாள் இடிப்போம், அதுவரை மார்க். ஆனால் பெட்ரோல் இல்லை என்றானே, அது தப்பு. பெட்ரோல் வெளியே இருக்கிறது, முதுகுப்பக்கம், இரண்டு பேட்டரிக் கட்டையாக. அது தீரத்தீரக் கார் மங்கும். சத்தம் இழுக்கும். அப்போது கட்டையைக் கழற்றி வெயிலில் காயப்போடுவோம், பல்லால் ஒரு கடி கடிப்போம். கொஞ்ச நேரம் ஓடும். இதைப் பெட்ரோல் பங்க்கில் செய்ய முடியாது.

இங்கே என் பி.காம். தலை காட்டுகிறது, மன்னிக்கவும். டி.வி. கேம் என்பது முதலீட்டுச் செலவு. ஒரு தடவை போட்டால் முடிந்தது, கரண்ட் பில் மாமாவின் கணக்கில். பிரிக் கேம் மலிவு, ஆனால் நடைமுறைச் செலவு அதிகம். இரண்டு கட்டை வாங்கும் காசில் நாலு மசால் வடை வாங்கலாம் என்ற நிலையில், ஒவ்வொரு கார் ரேஸும் வயிற்றில் அடித்துத்தான் நடந்தது.

சரி, இரண்டும் வேறு வேறு கம்பெனி ஆட்டங்கள், ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், இரண்டு மிஷின் என்ற உதாரணமும் இருக்கிறது. நின்டெண்டோவின் 'எஃப்-1 ரேஸ்'. வீட்டு மிஷினுக்கு 1984-ல் வந்தது. மச்சானின் கேசட்டிலும் இருந்தது. காரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற ஆட்டம். அதற்கு புரோகிராம் எழுதிய சட்டோரு இவாட்டா என்ற இளைஞர்தான் பிற்பாடு நின்டெண்டோவுக்கே தலைவரானார், 2002-ல். அரியலூர் பெரம்பலூரோடு சேர்ந்த அதே வருஷம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதே பெயரில் 1990-ல் 'கேம் பாய்' என்ற கையடக்க மிஷினுக்கு ஒன்று வந்தது. வீட்டு மிஷினின் படத்தில் 256-க்கு 240 புள்ளி. கேம் பாயில் 160-க்கு 144. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நிலம். கலர் கிடையாது. பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையில் நாலே நாலு சாயல். போதாக்குறைக்கு அந்தக் காலத்துத் திரவப் படிகத் திரை சோம்பேறி. ஒரு புள்ளியைக் கறுப்பாக்கி அழிப்பதற்குள் கார் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். பழைய இடத்தில் நிழல் மட்டும் தங்கியிருக்கும். இப்படிப்பட்ட திரையில் ரேஸ் வைப்பது, மழையில் அப்பளம் காயவைப்பதற்குச் சமம்.

ஆனால் பாருங்கள், ஆச்சரியம் இங்கேதான். ஹாலில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆட என்றே செய்த, இரண்டு கன்ட்ரோல் வைத்த வீட்டு மிஷினில் எஃப்-1 ரேஸ் ஒருத்தருக்கான ஆட்டம். ஒருத்தர் ஓட்ட, மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்க்கவேண்டியதுதான். ஒரே ஜோடிக் கைக்கு என்று செய்த கேம் பாயில் நாலு பேர் ஒன்றாக ஓட்டலாம்! அதற்கென்றே நாலு வயர் சேர்க்கும் ஒரு டப்பாவையும் ஆட்டத்தோடு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு திரை என்பதால் யாரும் யார் தோளையும் எட்டிப் பார்க்கவேண்டாம். ஒரே நிபந்தனை, நாலு பேரிடமும் மிஷின் வேண்டும், கேசட் வேண்டும், ஆளுக்கு நாலு கட்டை வேண்டும். மொத்தம் பதினாறு கட்டை! மசால் வடைக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, மனசு தாங்காது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கேம் பாய் வரவில்லை. நான் பார்த்தவரை யார் கையிலும் இல்லை. இங்கே நடந்தது நேர் எதிர். அரியலூர் ஹாலில் தெருவே கூடும். ஓட்டுகிறவன் ஒருத்தன், ஆலோசனை சொல்கிறவர்கள் எட்டுப் பேர். 'லெஃப்ட்ல வாடா', 'லாரி லாரி', 'போச்சு, நான் அப்பவே சொன்னேன்'. ஒரு ஆள் அவுட்டானால் அடுத்த ஆள். அந்த வரிசையில் என் அக்காவின் முறை மட்டும் வந்ததே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முறை வருவதற்குள் அத்தை உள்ளேயிருந்து, "அந்தத் தேங்காயைத் துருவிக் குடு கண்ணு" என்பாள். எட்டுப் பையன்களில் ஒருத்தனுக்கும் அந்த வீட்டில் தேங்காய் துருவத் தெரியாது போல. அந்த விடுமுறை இருபது நாளும் அவள் கன்ட்ரோலைக் கையில் தொட்டது, ஹாலைப் பெருக்கும்போது வயரைச் சுருட்டி வைத்ததுதான்.

பிரிக் கேம் அப்படியில்லை. அது அடுப்படிக்கு வரும். உலை கொதிக்கிற நேரத்தில் நாலு கார். கொல்லைப்பக்கம் துணி காயவைத்துவிட்டு நாலு கார். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு, போர்வைக்குள். (அந்தத் திரைக்கு விளக்கு கிடையாது. ஆகவே தலைமாட்டு ஜன்னலைத் தெரு விளக்குக்குத் தோதாகத் திறந்துவைக்கவேண்டும். கொசு இலவசம்.) எங்கள் தெருவில் கார் ரேஸ் ரெக்கார்டு அவளுடையதுதான். 48,700. நானே கண்ணால் பார்த்தேன்.

மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க, காட்டச் சொல்லு!"

காட்ட முடியாது. அவன் பெரம்பலூருக்கு வந்த அன்று காலையில் அம்மா, சுவர்க் கடிகாரம் நின்றுபோச்சு என்று பிரிக் கேமிலிருந்து ஒரு கட்டையைக் கழற்றி அதில் போட்டுவிட்டாள். கரண்ட் போனால் அந்த மிஷினுக்கு ஞாபகமும் போய்விடும். ஹை ஸ்கோர் என்ற இடத்தில் பூஜ்யம். கடிகாரம் மட்டும் சரியாக ஓடியது. இந்த விஷயத்தில் ரோட் ஃபைட்டரும் அதே கட்சிதான், ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். ஆனால் மச்சானுக்கு எட்டு சாட்சி. அக்காவுக்கு நான் ஒருத்தன். அதுவும் தம்பி என்பதால் என் சாட்சி செல்லாது.

வழக்கு இப்படிக் கிடக்கையில், இந்தப் பொங்கலுக்கு மச்சான் பெரம்பலூர் வந்திருந்தான். அக்கா பையன் தன் செல்போனில் பழைய ஆட்டங்களை ஓட்டும் ஆப் ஒன்று போட்டு வைத்திருக்கிறான். ரோட் ஃபைட்டரும் இருந்தது. மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதல் லாரியிலேயே வெடி. மறுபடி வெடி. ஏழெட்டுத் தடவை.

"மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்றான் பொடியன்.

"இது அந்த கேம் இல்லடா. வேகமா ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மச்சான் சொன்னது சத்தியம்! கணக்குப்பிள்ளை நோண்டிப் பார்த்ததில் விஷயம் இது. ஜப்பான் டி.வி. ஒரு செகண்டுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். நம்மூர் டி.வி. 'பால்' முறை, 50 தடவைதான். (ஆவினுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அந்தக் காலத்து ஆட்டங்கள் டி.வி. அடிக்கிற தாளத்துக்குத்தான் காலை எடுத்து வைக்கும். ஒரு படத்துக்கு ஒரு அடி. ஆகவே ஜப்பானில் ஆறு அடி வைக்கிற நேரத்தில், நம்மூர் டி.வி.க்கென்று செய்த நகல் மிஷினில் கார் ஐந்து அடிதான் வைக்கும். பொடியனின் போன் ஆப் ஜப்பான் தாளத்தில், அசல் வேகத்தில் ஓட்டுகிறது. கையடக்க மிஷின்களுக்கு இந்த வம்பே இல்லை. திரை அதனுடையதே என்பதால் டோக்கியோவிலும் துறைமங்கலத்திலும் ஒரே வேகம்.

"அப்ப நான் 400-ல ஓட்டினதெல்லாம்..?"

"333 மச்சான்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. பொங்கலன்று ஒரு மனுஷனிடமிருந்து 67 கிலோமீட்டரைப் பிடுங்கியிருக்கக் கூடாதுதான். ஆனால் ஆடிட் என்றால் ஆடிட்.

இதற்குள் பொடியன் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். புது பிரிக் கேம். இன்னும் விற்கிறார்கள், அதே 200 கட்டம், அதே தவளைக் கார். தபாலில் வரவழைத்திருக்கிறான். "அம்மா, நீ ஆடு. இன்னைக்கு எல்லாரும் இருக்காங்க."

அக்கா முதலில், "போடா, அடுப்புல வேலை கிடக்கு" என்றாள். அத்தைதான், "நீ ஆடு கண்ணு, தேங்காயை நான் துருவிக்கிறேன்" என்று எழுந்து உள்ளே போனாள். அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

மச்சான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நான் பக்கத்தில். அக்கா மிஷினைத் திருப்பிப் பார்த்தாள். "கட்டை?" பொட்டலத்தில் மிஷின் மட்டும்தான், கட்டை தனி. டி.வி. ரிமோட்டில் இருந்தது பென்சில் மாதிரி ஒல்லிக் கட்டை, சேராது. பொடியனின் பொம்மைக் காரிலிருந்து ஒன்று தேறியது. இன்னும் ஒன்று வேண்டும். பொங்கலன்று தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை.

அக்கா தலையைத் தூக்கி, சுவரைப் பார்த்தாள்.

"அந்தக் கடிகாரத்தைக் கழட்டுடா" என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மணி அப்போது பதினொன்றே கால். சாயந்திரம் மச்சான் அரியலூருக்குக் கிளம்பும்போதும் அந்தச் சுவரில் மணி பதினொன்றே கால்தான்.